அவசரமாக ஓர் ஆண்பூ தேவை

பூசணிக் கொடியில் பெண்பூ பூத்துவிட்டது.

நான் போட்ட சத்தத்தில் நாலு தெருக் காக்கைகள் ஒன்றாகக் கிளம்பின.

ரிட்டயரான அன்றே, இனி இந்த வீட்டுக்குள் கடைக்காய் நுழையக் கூடாது என்று அறிவித்தவன் நான். மொட்டைமாடியில் என் மனைவி துணி உலர்த்தும் கயிறு முழுக்கப் பூசணியை ஏற்றிவிட்டேன். அது வளர்ந்த வளர்த்தியைப் பார்க்க, விமானத்தில் போகிறவர்கள் ஜன்னலோர சீட்டுக்கு அடித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் இரண்டு மாதமாக அத்தனையும் ஆண்பூ. பெண்பூ என்றால் அடியில் கோலிக்குண்டு போலப் பிஞ்சு இருக்க வேண்டும். அந்தக் கோலிக்குண்டைத் தேடித் தினமும் விடியலில் குனிந்து குனிந்து, என் முதுகு கேள்விக்குறியாகிவிட்டது.

மனைவி ஈரப் புடவைகளைக் கதவிலும் ஜன்னலிலும், ஒருநாள் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் மேலும் உலர்த்திப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பூவாவது காயாகிற வழியைக் காணோம் என்றால், கொடியை அறுத்துவிட்டுக் கயிற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

இன்று ஞாயிறு.

ஆண்பூ ஒன்றைப் பறித்து, அதன் மகரந்தத்தைப் பெண்பூவில் தடவ வேண்டும். வெயில் ஏறினால் பூ வாயை மூடிக்கொள்ளும். அப்புறம் அந்த ஆண்டவனே வந்தாலும் திறக்காது.

தேடினேன். இரண்டு மாதம் படையெடுத்து வந்த ஆண்பூக்களில் இன்று பார்த்து ஒன்றுகூட இல்லை.

எட்டிப் பார்த்தேன். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு தட்டில், பனி காயாத ஆண்பூ.

அது பல்டாக்டர் மாடி. அவரும் ரிட்டயர்டு, அவரும் பூசணி. என் காய்கறிக் கழிவு உரத்தொட்டியை முகர்ந்துவிட்டு, நாற்பது வருஷம் எத்தனையோ வாயைப் பார்த்தும் இப்படி ஒரு நாற்றம் கண்டதில்லை என்றார். அன்றோடு பேச்சு நின்றது.

வாளியைக் கவிழ்த்து ஏறினேன். கை தட்டைத் தொட்டது. எதிரே டாக்டர்.

“ஏன் சார் திருடுறீங்க? உங்க பூதானே அது.”

வாளி ஆடியது. நான் ஆடவில்லை.

அவர் கொடியில் பெண்பூவாகப் பூத்துப் பூத்து உதிர்ந்ததாம். என் மனைவிதான் மனமிரங்கி, தினமும் நம் கொடியிலிருந்து ஓர் ஆண்பூவைப் பறித்து அந்தத் தட்டில் வைத்துவிட்டுப் போவாளாம். என் விடியலுக்கு ஒரு மணி நேரம் முன்பே அவளுக்கு விடிந்துவிடும்.

டாக்டர் சுவர் ஏறி வந்தார். சட்டைப் பையிலிருந்து பல் பிடுங்கும் காலத்து இடுக்கியை எடுத்தார். ஆண்பூவின் இதழ்களை உரித்துவிட்டு, நடுத்தண்டை இடுக்கியில் பிடித்துப் பெண்பூவுக்குள் மெதுவாகத் தடவினார். “வலிக்காது” என்றார். பூவிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா, தெரியவில்லை.

முடித்துவிட்டுக் கேட்டார்: “போன வாரம் எங்க கொடியில முதல் காய் பறிச்சோம். பாதி உங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு. எப்படி இருந்துச்சு?”

போன வாரம் சாப்பாட்டுத் தட்டில் பூசணி இருந்தது. கடையில் வாங்கியதா என்று கேட்டேன். அவள் வாய் திறக்கவில்லை. நான்தான் திறந்தேன். நனைத்த பஞ்சு, ரசாயனம், இதைத் தின்கிற மாடு மறுநாள் எழுந்திருக்காது என்று அரைமணி நேரம் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டாள். அதையும் வழித்துச் சாப்பிட்டேன்.

படியில் காலடிச் சத்தம். ஈரத்துணி வாளியோடு மனைவி. என்னைப் பார்த்தாள். டாக்டரைப் பார்த்தாள். மஞ்சள் ஒட்டிய இடுக்கியையும் பார்த்தாள்.

வாளியைக் கீழே வைத்தாள்.

“மதியத்துக்கு மீதிப் பூசணியப் போட்டு முடிச்சிடவா? கடையில வாங்கினதுதான்.”