பதினோராம் பக்கம்

மதிய வெயில் கணினித் திரையில் விழுந்து கூசுகிறது. மகள் எழுந்து ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டு மறுபடி உட்கார்கிறாள். தேடும் கட்டத்தில் ‘ஒட்டடைக்குச்சி’ என்று இருக்கிறது. நெடுநெடுவென்று வளர்ந்து, ஆறு வருடங்களுக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போன அண்ணனின் பட்டப்பெயர் அது. அதைத் தட்டி என்ன வருகிறது என்று பார்த்துச் சிரிப்பது அவன் வழக்கம். அதனால்தான் அம்மா அந்தப் பெயரிலேயே, ‘வந்துவிடு’ என்று ஓர் இணையப் பக்கம் வைத்தாள். போன மாதம்வரை யார் தேடினாலும் அதுதான் முதலில் வந்து நின்றது. பார்க்க அழுதுவடிகிறது என்று மகள்தான் அதை அழகாக மாற்றினாள். அதில் பக்கத்தின் இணைய முகவரியும் மாறிவிட்டது. இப்போது நீலப் பிடி, பச்சைப் பிடி, நீளும் பிடி என்று விற்பனைக்கு வந்த ஒட்டடைக்குச்சிகளே வரிசையாக நிற்கின்றன.

“பக்கத்தோட முகவரி மாறுறதும் வீடு மாறுற மாதிரிதாம்மா. பழைய கதவுல புது முகவரியை எழுதி ஒரு சீட்டு ஒட்டிட்டு வரணும். நான் ஒட்டல. இன்னைக்குத்தான் ஒட்டியிருக்கேன்.” “அப்ப சரியாயிடுமாடி?” “மாசக்கணக்காகும். பழையபடி முதலிடம் கிடைக்குமான்னே தெரியல.” மகள் தேடலில் வந்தவற்றைப் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகிறாள். மின்விசிறி கிறீச்சிடுகிறது. பதினோராம் பக்கத்தின் அடியில், நகமளவு படத்தில், அண்ணன் பல் தெரியச் சிரிக்கிறான். “இருக்கும்மா, இருக்கு!” அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிகிறாள். அவள் விரல் திரைக்கு அருகில் போய் நின்றுவிடுகிறது. “செருப்பு வாரைக்கூட மாட்டாம இழுத்துக்கிட்டே போறவன்டி அவன்,” என்கிறாள். “பதினோரு பக்கம் தள்ளுவானா?”