அறுபத்திரண்டாவது பதிவு

"சொல்லு! யாரு அழிச்சது?"

"நான்தான்."

மகள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குரலில் பயமும் இல்லை, வருத்தமும் இல்லை. பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண்ணுக்கு இவ்வளவு நெஞ்சழுத்தமா என்று அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அழிந்தது சின்ன விஷயமா என்ன? 'பிள்ளை வளர்ப்பு' என்று அவர் இணையத்தில் நடத்திவந்த வலைப்பூ. இன்சூரன்ஸ் ஆபீசில் நாள் முழுக்க கோப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏற்றியவை. ஐந்து மாதத்தில் அறுபத்திரண்டு பதிவுகள். இன்று காலை திறந்தால், 'நீங்கள் தேடும் பக்கம் இல்லை' என்று ஒரே ஒரு வரி வருகிறது.

"ஏங்க, மெதுவாப் பேசுங்க. பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போவுது" என்றாள் மனைவி.

"கேக்கட்டும்! ஊருக்கே புத்தி சொல்றவன் வீட்டுல என்ன மாதிரி ஒண்ணு வளர்ந்திருக்குன்னு எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்!"

இதில் கொடுமை என்னவென்றால், அந்த வலைப்பூவைத் தொடங்கிக் கொடுத்ததே அவள்தான்.

மூன்று சனிக்கிழமை அப்பாவும் மகளுமாக உட்கார்ந்தார்கள். எந்தச் சேவையில் தொடங்குவது என்று அவர் முழித்தபோது, "காசு கட்டுறதெல்லாம் இப்ப வேணாம்ப்பா. இந்த இலவசத்துல ஆரம்பிங்க. இதுலதான் தமிழ் எழுத்து உடையாம வருது" என்றாள். கண்ணை உறுத்தாத பின்னணி, பெரிய எழுத்து, எத்தனை பேர் படித்தார்கள் என்று காட்டும் கணக்கு, புதுப் பதிவு போட்டால் வாசகர்களின் மெயிலுக்கு முழுசாகப் போய்ச் சேரும் வசதி என்று எல்லாம் அவள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. பாஸ்வேர்டும் அவள் வைத்ததுதான். அதை அவர் மாற்றவே இல்லை. மாற்றத் தெரியாது என்பது வேறு விஷயம்.

"ஞாயித்துக்கிழமை ஒரு ஸ்கூல்ல முந்நூறு பெத்தவங்க முன்னாடி பேசணும். வலைப்பூவைப் படிச்சுட்டுத்தான் கூப்பிட்டிருக்காங்க. பேச வேண்டியது மொத்தமும் அதுலதான் இருந்துச்சு. இப்ப என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது?"

"போகாதீங்க."

அவர் கை ஓங்கிவிட்டார். மனைவி குறுக்கே விழுந்து தடுத்தாள்.

"இவ முந்தாநாள்லேருந்து ஸ்கூலுக்குப் போகலை. சரியா சாப்பிடவும் இல்லை. என்னன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"திமிருக்கு எதுக்குடி விசாரணை? பசிச்சா தானா வந்து தின்பா!"

பிள்ளை வளர்ப்பு நிபுணர் சொல்லும்போது மறுத்துப் பேச முடியுமா?

அதற்குள் மனைவியின் தம்பி லேப்டாப்போடு வந்து சேர்ந்தார். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர். கால் மணி நேரம் எதையெதையோ தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பூண்டோட அழிச்சிருக்கா, அத்தான். நீங்க காப்பி ஏதாச்சும் எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"காப்பி வேற எடுக்கணுமா?"

மைத்துனர் தலையில் கை வைத்தார். திடீரென்று நிமிர்ந்தார். "இருங்க, இருங்க. என்னையும் வாசகரா சேர்த்திருந்தீங்களே! எல்லாமே என் மெயிலுக்கு வந்திருக்கணுமே!"

வந்திருந்தன. அறுபத்திரண்டும் வரிசையாக இருந்தன. அப்பாவுக்கு உயிர் திரும்பி வந்தது.

"மாப்ள, நீ நல்லா இருப்படா! ஆமா, ஏன் எல்லாம் தடிச்ச எழுத்தா இருக்கு?"

"அது வந்து... இன்னும் திறந்து படிக்கலைன்னு அர்த்தம், அத்தான்."

வேறு நாளாக இருந்தால் இதற்கே தனியாக ஒரு சண்டை நடந்திருக்கும். இன்று மன்னித்துவிட்டார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினார்.

"பார்த்தியா? அப்பன் உழைப்பை அவ்வளவு லேசுல அழிச்சிட முடியாது. மாப்ள, கடைசியாப் போட்டேனே, அதைத் திற. ஒரே நாள்ல நாலாயிரம் பேர் படிச்சது. இவ ஸ்கூல்லகூட ஒருத்தர் விடாம படிச்சாங்களாம். சத்தமாப் படி. எதை அழிச்சோம்னு இவளும் நின்னு கேக்கட்டும்!"

"வேணாம், மாமா."

அவ்வளவு நேரம் கல் மாதிரி நின்றவளின் குரல் உடைந்தது. "படிக்காதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"இப்பத்தான் உறைக்குதா? நீ படி, மாப்ள!"

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

"'பிள்ளைகளின் அந்தரங்கத்தை மதிப்போம்.'"

"தலைப்பே எப்படி இருக்கு பாரு! ம்... மேல படி!"

"'நேற்று என் மகள் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் அவளுடைய டைரியை எடுத்துப் படித்தேன். மற்ற பெற்றோருக்கும் பாடமாக இருக்கட்டும் என்று, அதிலிருந்து நான்கு பக்கங்களை அப்படியே கீழே தருகிறேன்...'"