எழுபத்து மூன்றாவது படம்

கள்ளக்குறிச்சிக் கல்லூரி மாணவி அத்தியா, களிமண் ஆட்டை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் செல்போனில் படமெடுத்து, ஆடு தானாக மலையேறுவதுபோல் பத்து விநாடிக் குறும்படம் செய்திருந்தாள். அப்பாவின் ஜவுளிக்கடையில் எடுத்த பச்சைத் துணிதான் கல்வராயன் மலை. மொத்தம் நூற்றிருபது படங்கள்.

வகுப்பில் கொடுத்த இந்த வேலையைத் தனியாகச் செய்ய வேண்டும். யாராவது உதவியிருந்தால் பாதி மதிப்பெண்தான். எழுபத்து மூன்றாவது படத்தில், மணிக்கட்டில் பச்சை குத்திய ஒரு கை ஆட்டைப் பிடித்திருந்தது.

"யாரு கைம்மா இது?" என்று கேட்டார் ஆசிரியர் நாராயணசாமி.

"தெரியல சார். கதவச் சாத்திட்டுத் தனியாத்தான் எடுத்துக்கினு இருந்தேன்."

"ஆடு மேய்க்கக்கூட ஆள் வெச்சிக்கினியாடி?" என்றாள் பின்பெஞ்சு ஆண்டாள். வகுப்பே சிரித்தது.

அத்தியா தன் இரண்டு மணிக்கட்டையும் நீட்டிக் காட்டினாள். "இங்கயே எடுக்கறேன் சார். நீங்களே பாருங்க."

மற்றவர்களை விலகி நிற்கச் சொன்னார் ஆசிரியர். அவள் மேசைமேல் துணியை விரித்து ஆட்டை நிறுத்தினாள். நகர்த்தினாள், கையை எடுத்தாள், படமெடுத்தாள். அவர் ஒவ்வொன்றாக எண்ணினார். பன்னிரண்டு படங்கள்.

ஓட்டிப் பார்த்தார்கள். ஏழாவது படத்தில் அதே கை, அத்தியா கோணலாக வைத்திருந்த முன்னங்காலை நேராக்கிக்கொண்டிருந்தது. மேசைமேல் நின்ற ஆட்டின் காலும் இப்போது நேராகத்தான் இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. நாராயணசாமி மதிப்பெண் தாளை எடுத்தார். அத்தியாவின் பெயருக்கு நேரே ஐம்பதுக்கு இருபத்தைந்து போட்டார். அடுத்த வரியில், பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டு, மீதி இருபத்தைந்தையும் போட்டார்.