ஏழு நாற்பது லோக்கல்

ஏழு நாற்பதுக்குக் கிளம்ப வேண்டிய லோக்கல், ஏழு நாற்பத்து நாலாகியும் அசையக் காணோம்.

முதல் பெட்டியில் இருந்த நர்ஸ் மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் மூன்று வருஷமாகத் தற்காலிக வேலை. நிரந்தரமாக்க இன்று ஒன்பது மணிக்கு நேர்காணல். பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் கதை முடிந்தது. வண்டி பத்து நிமிஷம் தாமதித்தால் ஜங்ஷனில் பஸ் போய்விடும்.

இதற்காகத்தான் தூங்கிய அண்ணனை உலுக்கி எழுப்பி, புதுச் சேலை கசங்காமல் பைக்கில் வந்து, கால் மணி முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

பொறுக்க முடியாமல் இறங்கினாள். பிளாட்பாரத்தில் கொடியைச் சுருட்டிக்கொண்டு ஊழியர் நின்றிருந்தார்.

"ஏண்ணே கிளம்பல?"

"ஐயா சொன்னாத்தான் கொடி."

நேரே அறைக்குள் போனாள். ஸ்டேஷன் மாஸ்டர் ஜன்னல் வழியாகப் பிளாட்பாரக் கோடியில் இருந்த சந்து முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பக்கூட இல்லை.

"சிக்னல் விழலையா சார்?"

"விழுந்தாச்சும்மா."

"எதிர் வண்டி வருதா?"

"இல்ல. ஒரு ஆள் வரணும். ஒரு நிமிஷம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மூணு வருஷமா இந்த வண்டியில போறேன் சார். நான் ஏறுவேன், வண்டி கிளம்பும். அவ்வளவு கரெக்டா வருவேன். நேரத்துக்கு வரத் துப்பில்லாதவங்களுக்கு நாங்க ஏன் காத்துக் கிடக்கணும்? புகார்ப் புத்தகத்தைக் கொடுங்க."

அவர் எடுத்துக் கொடுத்தார்.

'வேண்டிய ஆளுக்காக ரயிலை நிறுத்தி வைக்கிறார். நடவடிக்கை தேவை' என்று எழுதினாள். கோபத்தில் கையெழுத்து கோணிக்கொண்டு போனது.

மாஸ்டர் படித்தார். பெருமூச்சு விட்டார்.

"நியாயம்தாம்மா. மத்தவங்களுக்கும் வேலை இருக்கே." வெளியே வந்து ஊழியரிடம் சொன்னார். "கொடி காட்டுப்பா. அந்தப் பொண்ணு இன்னிக்கு லீவு போல. நீங்க ஏறுங்கம்மா."

படியில் கால் வைத்தவள் விடவில்லை. "யாரு சார் அந்த மகாராணி?"

"பேரெல்லாம் தெரியாதும்மா. வெள்ளை யூனிஃபார்ம் போட்ட பொண்ணு. தினமும் ஏழு நாற்பத்திரெண்டுக்குச் செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு அந்தச் சந்துலேருந்து ஓடி வந்து கடைசிப் பெட்டியில தொத்திக்கும். வண்டி ஏழு நாற்பத்திரெண்டுக்குத்தான்னு நினைச்சுக்கிட்டிருக்கு, பாவம்."