வண்டி சூடாயிருச்சு

கதவைத் திறந்து உட்கார்ந்தார். எதிரே ஸ்டியரிங் இல்லை.

அந்தப் பக்கம், ஸ்டியரிங்குக்கு முன்னால், மடியில் கைப்பையுடன் அவருடைய மனைவி.

"நீங்க ஓட்டறீங்களா, நான் ஓட்டட்டுங்களா?" என்று சத்தமாகக் கேட்டாள்.

சிரித்துக்கொண்டே இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து இடம் மாறிக்கொண்டார்கள்.

நார்வே. அவர்கள் பார்க்க வந்திருந்த மகள் அன்று வேலைக்குப் போய்விட்டாள். வாடகைக்கு ஒரு பேட்டரி காரை எடுத்துக் கொடுத்து, போனில் வழியையும் போட்டுக் கொடுத்திருந்தாள். மலையைத் தாண்டினால் கடல். அங்கே சுற்றிப் பார்க்கிற படகில் இரண்டு சீட்டு.

"அப்பா, படகு யாருக்காகவும் நிக்காது."

அவருக்கு அதைச் சொல்லவே வேண்டாம். கிளம்பினால் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். நடுவில் நிறுத்துகிற ஆள் இல்லை அவர்.

இங்கே சாலையின் வலப்பக்கம் போக வேண்டும். எல்லாமே தலைகீழ். திரும்புவதற்கு விளக்கைப் போட்டால் வைப்பர் ஆடியது. சுள்ளென்ற வெயிலில், காய்ந்த கண்ணாடியை அது கரக் கரக்கென்று தேய்த்தது.

அப்போதுதான் கேட்டது.

"மழையே இல்ல, தொடைக்கறாரு பாரு."

முணுமுணுப்பு. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரிடம் சொன்ன மாதிரியே இல்லை.

அவர் திரும்பவில்லை.

அவருக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் மாரியம்மன் நோம்பியில் பக்கத்திலேயே வெடித்த வெடி, அந்தக் காதைக் கொண்டுபோய்விட்டது. அவளும் கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் வலப்பக்கமாக வந்து நின்றுதான் பேசுவாள். காரில் அது நடக்காது. ஊரில் ஓட்டுகிறவருக்கு இடப்பக்கம்தானே பக்கத்து இருக்கை. அவசரம் என்றால் தோளைத் தட்டிச் சத்தமாகச் சொல்வாள். மற்றபடி பேச்சே இருக்காது.

"நம்ம சம்சாரம் வண்டியில ஏறினா வாயே தொறக்கமாட்டா" என்று கூட்டாளிகளிடம் பெருமை வேறு.

இன்று அவள் வலப்பக்கம் இருக்கிறாள். நல்ல காதின் பக்கம். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. வண்டியில் பேசினால் அவர் காதில் விழாது என்பது அத்தனை வருடப் பழக்கம்.

"முருகா, அந்த லாரி போயிரட்டும்... போயிருச்சு. அப்பாடா."

"கழுத்தெல்லாம் வேர்த்துக் கெடக்குது. பயந்துட்டுத்தான் ஓட்டறாரு. கேட்டா ஒத்துக்குவாரா?"

"இந்த மனுசனுக்கு ஒண்ணும் வரப்படாது சாமி. வர்றதுன்னா எனக்கு வரட்டும்."

அவர் வண்டியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

இத்தனை வருடமும் இப்படிப் பேசிக்கொண்டேதான் வந்தாளா? பழனிக்குப் போனபோது? மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு இரண்டு பேர் மட்டும் திரும்பி வந்த அன்று? என்னென்ன சொன்னாளோ. ஒரு வார்த்தைகூடத் தனக்குக் கிடைக்கவில்லையே. அடப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

கேட்கிறது என்று சொல்லிவிடலாமா?

சொன்னால் நிறுத்திவிடுவாள். வெட்கத்தில் நாக்கைக் கடித்துக்கொள்வாள். அப்புறம் இந்தக் குரல் அவருக்கு ஆயுசுக்கும் கிடைக்காது.

வாயை மூடிக்கொண்டு ஓட்டினார்.

ஒரு வளைவு தாண்டியதும் அருவி. மலை உச்சியிலிருந்து வெள்ளையாக இறங்கி, சாலை ஓரமாகவே ஓடையாகப் போனது.

"ஐயோ, என்னமா கொட்டுது. எறங்கி ஒரு கை அள்ளிப் பாத்தா எப்படி இருக்கும்."

கழுத்தை நீட்டி அருவியை அண்ணாந்து பார்த்தாள்.

"இவராவது நிறுத்தறதாவது. வால்பாறை போறப்பவும் கேட்டேன். ஒகேனக்கல் போறப்பவும் கேட்டேன். காதுல விழுந்தாத்தானே பாவம்."

குறை சொல்கிற குரலாகவே இல்லை. அதுதான் அவரை அதிகமாகக் குத்தியது.

படகுக்கு நேரம் நெருக்கிக்கொண்டிருந்தது.

போனால் போகட்டும்.

வண்டியை ஓரம் கட்டினார்.

"ஏனுங்க, என்னாச்சு?" தோளைத் தட்டிச் சத்தமாகக் கேட்டாள்.

"வண்டி சூடாயிருச்சு. செத்த ஆறட்டும்."

அவள் அதற்குள் இறங்கிவிட்டாள். செருப்பைக் கழற்றினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கல்லில் குந்தி, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினாள். அதன் குளிரில் வீறிட்டுக் கத்தினாள். முகத்தில் அடித்துக்கொண்டாள். மிச்சத்தை, பின்னாலேயே இறங்கி வந்த அவர் மேல் வீசினாள். கல்யாணம் ஆன புதிதில்கூட அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

திரும்பி வந்தவள் காருக்கு முன்னால் நின்றாள். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

சூடே இல்லை.

ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டைப் போட்டாள். அவர் பக்கம் திரும்பி, அவருடைய வலது காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போச்சு, என்று நினைத்துக்கொண்டார்.

வண்டி கிளம்பியது. அவள் பேசவில்லை. ஒரு குகைப்பாதை வந்தது. இருட்டுக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தார்கள். அப்போதும் பேசவில்லை. அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. நிறுத்தாமலே போயிருக்கலாம். இன்னும் கொஞ்ச தூரமாவது கேட்டிருக்கலாம்.

தூரத்தில் ஒரு சிவப்பு வீடு தெரிந்தது.

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்த வீட்டு முன்னால ஆட்டுக்குட்டியெல்லாம் மேயுது."

அதே முணுமுணுப்பு.

"அங்க போனாலும் வண்டி சூடாகுமோ, என்னமோ."

அவர் திரும்பவில்லை. அவசர அவசரமாக விளக்கைப் போட்டார்.

வைப்பர் ஆடியது.