தனியாக வசிப்பவர் ஒருவர்

"மரத்தடியில உக்காந்து எழுதியிருக்காங்கம்மா! ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்டலை!"

பேராசிரியர் போட்ட சத்தத்தில் ஆராய்ச்சி மாணவி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

எல்லாம் கணினித் திரையில் இருந்த ஒரே ஒரு எண்ணால் வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அவர் குடியிருக்கும் தெருவுக்கு நேராக, 'தனியாக வசிக்கும் முதியவர்' என்ற கட்டத்தில் ஒன்று என்று போட்டிருந்தது.

"நான் இருக்கிற தெரு. வீட்டுக்கு வீடு எனக்குத் தெரியும். எதிர்வீட்டு டாக்டரோட மாமியார் அவர்கூடத்தான் இருக்காங்க. மூலைவீட்டுல புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. எங்கப்பா எங்களோட இருக்கார். அப்புறம் இந்த ஒண்ணு எங்கேருந்து வந்து குதிச்சுது?"

கோபம் நியாயமானதுதான். இந்தத் தெருவாரிக் கணக்கைக் கையில் வாங்க மனிதர் படாத பாடு பட்டிருந்தார். மற்றவர்கள் எல்லாம் வார்டுக் கணக்கை வைத்துக் கட்டுரை எழுதிப் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு போக, இவர் மட்டும் கணக்கெடுப்பு அலுவலகத்துக்குச் செருப்புத் தேய நடந்தார். துறையில் அவருக்குத் 'தெருச்சண்டை' என்றே பெயர்.

"வார்டுன்னா ஆயிரக்கணக்குல வீடு சார். சராசரி போட்டா எல்லாரும் சௌக்கியமாத்தான் தெரிவாங்க. தெருவுக்குள்ள போய்ப் பார்த்தாத்தான் யார் தனியாக் கிடக்கறாங்கன்னு தெரியும்!" என்று அங்கே அதிகாரியிடம் அவர் வாதாடியபோது மாணவியும் கூட இருந்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. இப்படியும் ஒரு மனிதரா!

மாநகராட்சியும் அவரைத்தான் நம்பியிருந்தது. தனியாக இருக்கும் முதியவர்களின் வீட்டுக்கே வாரந்தோறும் நர்ஸை அனுப்பும் திட்டம். எந்தெந்தத் தெருவுக்கு என்பதை இவர் அறிக்கைதான் சொல்ல வேண்டும்.

"நீ நேர்ல போய் விசாரிச்சுட்டு வா. தப்புன்னு தெரியட்டும், கணக்கெடுக்க வந்த அந்த ஸ்கூல் டீச்சருக்கு மெமோ வாங்கித் தராம விடமாட்டேன்."

மாணவிக்கும் அந்த டீச்சர் மேல் எரிச்சல்தான். வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். பேராசிரியர் சொன்னதெல்லாம் அட்சர சுத்தம். தனியாக யாருமே இல்லை. கடைசியாக அவர் வீட்டுக்கே வந்து, குடிக்கத் தண்ணீர் கேட்கலாம் என்று மணியை அடித்தாள். முன்கதவு பூட்டியிருந்தது.

"யாரும்மா?"

குரல் கார் ஷெட்டுக்குப் பின்னால் இருந்து வந்தது. போய்ப் பார்த்தாள்.

ஒரு சின்ன அறை. பேராசிரியரின் அப்பா கட்டிலில் உட்கார்ந்து, காலில் இருந்த புண்ணுக்குத் தானே கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். குனிய முடியாமல் துணி நழுவி நழுவி விழுந்தது. அவள் வாங்கிக் கட்டிவிட்டாள்.

ஜன்னலோரம் ஒரு மின்சார அடுப்பு, அதன் மேல் சோறு வெந்துகொண்டிருந்தது.

"நீங்களேவா சமைக்கறீங்க, ஐயா?"

"உப்பு, காரம் எனக்கு ஆகாதுல்ல? அதான் தனி அடுப்பு வாங்கிக் கொடுத்துட்டான். நாலு பெரிய மனுஷங்க வந்துபோற வீடு, நான் கூடத்துல உக்காந்து இருமிக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?"

"சார் வந்து பார்ப்பாரா?"

"அவன் பாவம், ஆராய்ச்சி, மீட்டிங்னு அலையறான். காரை எடுக்கறப்ப ஒரு ஹாரன் அடிப்பான்."

மாணவியின் பார்வை அடுப்புக்குத் திரும்பியது. கணக்கெடுப்பில் ஒரு கூரைக்குக் கீழே இருப்பவர்கள் எல்லாம் ஒரு குடும்பம் ஆகிவிட மாட்டார்கள். ஒரே சமையலைச் சாப்பிட்டால்தான் குடும்பம். வகுப்பில் இதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே பேராசிரியர்தான்.

"கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்துச்சு. பையனோடதான் சாப்பிடறேன்னு சொன்னேன்மா. அந்தப் பொண்ணு அடுப்பைப் பார்த்துச்சு, ஒத்தைத் தட்டைப் பார்த்துச்சு. என்னமோ எழுதிட்டுப் போயிடுச்சு." கிழவர் கொஞ்சம் தயங்கினார். "ஏம்மா, வீட்டுக்கே நர்ஸ் வருவாங்களாமே? பேப்பர்ல போட்டிருந்தாங்க. நம்ம தெருவுக்கும் உண்டா?"

"உண்டு ஐயா. கண்டிப்பா வருவாங்க."

திரும்பி வந்தவளைப் பேராசிரியர் துறை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "என்ன, தப்புதானே?"

"கணக்கு சரிதான் சார்."

"யார் வீடு?"

"ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு சார். கார் ஷெட்டுக்குப் பின்னால."

அவர் முகம் சுண்டிப்போனது. நாற்காலியில் போய் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் துடைத்தார். மனிதர் அழுதுவிடுவாரோ, இப்போதே எழுந்து வீட்டுக்கு ஓடுவாரோ என்று மாணவிக்கே பாவமாக இருந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் சொன்னார்: "இந்தத் தெருவைத் தனியாக் காட்ட வேண்டாம். பக்கத்துத் தெருவோட சேர்த்துடு."

"சார், அது பெரிய தெரு. அங்க தனியா யாரும் இல்லை. சேர்த்தா இந்த ஒண்ணு சராசரில காணாமப் போயிடும். நர்ஸ் வரமாட்டாங்க சார். அவருக்குக் கால்ல..."

"உன் ஆய்வேட்டுல நான்தானே கையெழுத்துப் போடணும்?"

மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். திரையில் இரண்டு தெருவும் ஒரே வரிசையானது.

"ஏன் சேர்த்தோம்னு கீழ ஒரு குறிப்பு போடணும், எழுதிக்கோ." பேராசிரியருக்கு வகுப்புக் குரல் திரும்பி வந்துவிட்டது. "'முதியவர்களின் பாதுகாப்பும் அந்தரங்கமும் கருதி, சிறிய எண்கள் பக்கத்துத் தெருவோடு இணைக்கப்பட்டுள்ளன.'"