அறுபத்து நாலுக்கு அப்புறம் ஒரு டிங்

"உங்க குழந்தை என்னையே பார்த்து எண்ணிட்டிருக்கும்மா! கொஞ்சம் அடக்கி வைக்கக் கூடாதா?"

இடைவேளையில் முதல் வரிசைக்கே இறங்கி வந்து அந்த அம்மாவிடம் பொரிந்து தள்ளினார் டிங் சார்.

கிறிஸ்துமஸ் இசை நிகழ்ச்சி. குடும்பம் குடும்பமாகக் கூட்டம். அறுபது பேர் வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவில் எல்லாருக்கும் பின்னால் உயரமான படியில் இவருக்கு இடம். கையில் ஒரு முக்கோணக் கம்பி. தட்டினால் 'டிங்'. பெயர்க் காரணம் அவ்வளவுதான்.

"ஒரு டிங்குக்கா கோட்டு, டை?" என்று மனைவியே கேட்டுவிட்டாள். அவருக்கும் அந்தச் சந்தேகம் உண்டு, வெளியே காட்டிக்கொள்வதில்லை.

பச்சை கவுன் போட்ட அந்த ஏழு வயதுக்காரி முதலிலிருந்தே அவரை மட்டும்தான் பார்த்தாள். பரவாயில்லையே, நமக்கும் ஒரு ரசிகை என்று நெஞ்சை நிமிர்த்தினார். பிறகுதான் கவனித்தார். அவள் விரலை மடக்கி மடக்கி, உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அது வந்து சார், அவ..." என்று ஆரம்பித்தாள் அம்மா.

"கடைசிப் பாட்டுல அறுபத்து நாலு எண்ணிட்டு நான் தட்டணும். ஒண்ணு தப்பினாலும் மொத்தப் பாட்டும் போச்சு. சங்கீதம்னா ஒழுக்கம் வேணும்மா!"

சிறுமி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடைசிப் பாட்டு. டிங் சார் எண்ண ஆரம்பித்தார். நாற்பதைத் தாண்டியதும், அந்த வாண்டு அடங்கியிருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தார். வாயைப் பொத்திய கை பொத்தியபடியே இருந்தது. இன்னொரு கை மடியில் விரல் மடக்கிக்கொண்டிருந்தது.

அடக் கடவுளே! நாற்பத்து மூணா, நாற்பத்து ஆறா?

வியர்த்துக் கொட்டியது. இசை நடத்துபவரோ வயலின்காரர்கள் பக்கம் திரும்பி நின்றார்.

திடீரென்று சிறுமி அவரைப் பார்த்துப் பலமாகத் தலையை ஆட்டினாள்.

கை தானாகத் தட்டியது. டிங்!

கச்சிதம். பாட்டு முடிந்ததும் அரங்கமே எழுந்து கைதட்டியது.

மிடுக்காக இறங்கி வந்தார். "பாத்தீங்களா? குழந்தை வாயை மூடினதும் எவ்வளவு சுத்தமா வந்துச்சு!"

சொல்லும்போது அவருக்கே கூசியது.

அம்மா தயங்கினாள். "நேத்தைய ஷோவுக்கும் வந்திருந்தோம் சார். நீங்க தட்ட வேண்டிய இடத்துல குச்சியைத் தூக்கிப் பிடிச்சபடியே நின்னுட்டீங்க. 'பாவம்மா அந்த மாமா'ன்னு வீடு போற வரைக்கும் அழுகை. இன்னைக்குக் காலையிலேர்ந்து அதே பாட்டைப் போட்டுப் போட்டு எண்ணிப் பழகினா."

நேற்றைய சங்கதி ஒருத்தருக்கும் தெரியாது என்றல்லவா நினைத்திருந்தார்!

சிறுமி அவர் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"நாளைக்கு எங்களுக்கு டிக்கெட் இல்ல மாமா. தனியா சமாளிச்சுக்குவீங்களா?"